இறங்கும்போது சிரிக்கும் மலை!

"ஊறுகாய், வடகம், கஷாயம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, எங்கேயாவது போய்வந்த கதை எழுதக்கூடாதா அக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். எழுதலாம். ஆனால் போய்வந்த கதையை எழுதினால், நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன். நாலு பெண்களுக்கு உபயோகப்பட்டால் சரி.

மலை என்றால் முதலில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். நமக்குத் தெரிந்த கணக்கு அதுதான். பழனியாகட்டும், திருச்சி மலைக்கோட்டையாகட்டும், மூச்சு வாங்க ஏறி, சாமியைக் கும்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டே இறங்கி வந்துவிடலாம். கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். முதலில் இறங்க வேண்டும். ஆடிப்பாடிக் குளித்துக் களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம்!

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். குழந்தைகளுக்கு அதை எண்ணிக்கொண்டு வருவதே ஒரு விளையாட்டு. பெரியவர்களில் பாதிப் பேருக்கு இருபதாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வளைவெல்லாம் முடிந்து சோளக்காடு வந்தால் அப்பாடா என்றிருக்கும். அன்னாசி, வாழை, பலா, மிளகு என்று மலையில் விளைந்ததெல்லாம் கண்முன் கிடக்கும். அதைத் தாண்டினால் செம்மேடு. அங்கே கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இந்த மலையை ஆண்டவன் அவன்தான். ஆடி மாதம் அவன் பேரில் விழா எடுக்கிறார்கள்.

செம்மேட்டிலிருந்து இன்னும் உள்ளே போனால் அறப்பளீஸ்வரர் கோயில். அம்பலவாணக் கவிராயர் பாடிய 'அறப்பளீசுர சதகம்' இந்த ஈஸ்வரன் பேரில்தான். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. ஐயாறு என்று பேர். அந்த ஆறுதான் கொஞ்ச தூரம் போய், மலை விளிம்பில் தொப்பென்று விழுந்து ஆகாயகங்கை ஆகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியாகப் புளியஞ்சோலைக்கு இறங்கிவிடுகிறது. நாம் அருவியைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியாக வேண்டும். கோயில் பக்கத்திலிருந்து படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்! வண்டி வாகனம் எதுவும் போகாது. கால்தான் வண்டி.

மார்கழியில், பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற பையன், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவளுடைய ஒன்றரை வயதுக் கைக்குழந்தை. ஒரு வேன் பிடித்துக்கொண்டோம். முதல் நாள் ராத்திரியே புளிசாதம் கிண்டி, இட்லிக்குப் பொடி தடவி எல்லாம் தயார். சாமான் கட்டும்போது ஓரகத்தியிடம் நான் சொன்னேன்:

"நாளைக்குக் காலையில காப்பி தண்ணின்னு நிறையக் குடிச்சு வச்சிராதே கண்ணு. வழியில பொம்பளைங்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. அப்புறம் அவஸ்தைப்படணும்."

"சரிங்க்கா" என்றாள் அவள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் நான் செய்த தப்பு. அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. என் அம்மா எனக்குச் சொன்னது. அவருக்கு அவர் அம்மா சொல்லியிருப்பார். பஸ் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்களுக்குச் சாமர்த்தியம் என்றே வளர்ந்துவிட்டோம், இல்லையா?

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஆண்கள் இரண்டு தடவை வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டு வந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வளைவுகளில் வயிறு புரட்டியதால் ஓரகத்தி இட்லியையும் தொடவில்லை. குழந்தை மட்டும் அவள் மடியில் பால் குடித்துக்கொண்டே வந்தது.

கோயிலில் தரிசனம் முடிந்தது. "எனக்கு முழங்கால் வலி, நான் வரலை. பாப்பாவை நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று மாமியார் கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் ஐந்து பேர் இறங்கினோம்.

அந்த இறக்கத்தை என்னவென்று சொல்வது! இரண்டு பக்கமும் மரங்கள். வெயில் கீழே விழவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதேதோ பறவைகள் கூவுகின்றன. குரங்குகள் மட்டும் நம் கையில் என்ன பை இருக்கிறது என்று பார்த்தபடி கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பையன் படிகளை எண்ணிக்கொண்டே வந்தான். நானூற்றுச் சொச்சம் வந்தபோது ஒரு குரங்கு அவன் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கணக்கும் அதோடு போயிற்று!

பாதிக்கு மேல் இறங்கியதும் 'ஓ'வென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. படி திரும்பத் திரும்பச் சத்தம் பெரிதாகியது. கடைசித் திருப்பத்தில் பார்த்தால், செங்குத்தாக நிற்கிற பாறையின் தலையிலிருந்து வெள்ளைப் புடவையை உதறி விரித்தது போலத் தண்ணீர். 300 அடி உயரம் என்று சொல்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கழுத்தே வலித்தது. சுற்றிலும் மலைச்சுவர்தான். வானம் ஒரு தட்டு அளவுக்குத்தான் தெரிகிறது. அருவிக்கு இருபதடி முன்னால் நிற்கும்போதே சாரல் நம்மை நனைத்துவிடுகிறது. 'வீடு, அடுப்பு, கேஸ் புக்கிங், பரீட்சை மார்க்கு' எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தோம். ஓரகத்தி சின்னப் பெண்ணைப் போலக் கத்திச் சிரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இத்தனை நேரமும் எங்களுக்குத் தாகமே எடுக்கவில்லை. எப்படி எடுக்கும்? சுற்றிலும் குளுகுளுவென்று இருக்கிறது. உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது. வேர்வை வந்தாலும் தெரியாது.

சங்கப் பாட்டுகளில் கொல்லிப்பாவை என்று ஒருத்தி வருவாள். பார்த்தவர்களைச் சிரித்து மயக்கியே கொன்றுவிடுவாளாம். இறங்கும்போது சிரிக்கிற இந்தப் படிகளைப் பார்த்துத்தான் அந்தக் கதையைக் கட்டினார்களோ என்னவோ!

ஏற ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டு கல்லாய்க் கனத்தது. இறங்கும்போதே தொடையெல்லாம் நடுங்கத் தொடங்கியிருந்தது. இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது முழங்காலும் தொடையும்தானே! ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்றோம். பிறகு முப்பது படிக்கு ஒரு தடவை. பிறகு பத்து.

ஏறக்குறைய முந்நூறு படி ஏறியிருப்போம். ஓரகத்தி சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கண்ணைக் கட்டுதுங்க்கா..."

முகம் வெளுத்துவிட்டது. கையைத் தொட்டால் ஜில்லென்று பிசுபிசுக்கிறது. அடுத்த நிமிஷம் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று அலறினாள். குமட்டியது. வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே வருவதற்கு!

கொழுந்தனார் பதறிப்போய், "தூக்கிட்டுப் போயிரலாமா அண்ணி?" என்கிறார். எழுநூறு படி எப்படித் தூக்குவது? வீட்டுக்காரர், "பசி மயக்கம்தான், இட்லி ஏதாச்சும் குடு" என்கிறார். அப்போது பையனின் போன் அடித்தது. நல்லவேளையாக அந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது. மேலேயிருந்து மாமியார். "பாப்பா அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. வாழைப்பழம் குடுத்தாலும் துப்புது. எப்ப வருவீங்க?" என்கிறார். போன் வழியாகக் குழந்தையின் அழுகை கேட்கிறது. அதைக் கேட்டு இவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். கால் நிற்கவில்லை. மறுபடி சாய்ந்துவிட்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மட்டும் தோன்றியது.

கொஞ்சம் மேலே படியோரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். மலையூர்க்காரர். சத்தம் கேட்டுக் கூடையோடு இறங்கி வந்தார். வந்ததும் முதலில் ஆண்களைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார். பிறகு இவளைப் படியின் அகலமான இடத்தில் நீட்டிப் படுக்கவைத்து, இரண்டு காலையும் மேல் படியில் தூக்கி வைத்தார். இடுப்புக் கட்டைத் தளர்த்தச் சொன்னார். முறுக்கிய காலை நீட்டிப் பாதத்தை மெல்ல முழங்காலைப் பார்த்து மடக்கிப் பிடித்தார். முந்தானையால் விசிறினார். என்னிடம் கேட்டார்:

"காலையிலேருந்து இந்தப் புள்ளை தண்ணி குடிச்சுதா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிறவளா வேற இருக்கா. கீழேருந்து வர்ற பொம்பளைங்க இப்படித்தான் உக்காந்துக்குதுங்க" என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கி, "ஒரேயடியாக் குடிக்காதே, கொமட்டும். வாய் வாயாக் குடி" என்று நிமிஷத்துக்கு ஒரு வாய் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. முக்கால் மணி நேரத்தில் உட்கார்ந்து அரை இட்லி சாப்பிட்டாள். பிறகு நானும் குடித்தேன். இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகுதான் எனக்கே எவ்வளவு தாகம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது!

கொழுந்தனார் வேகமாக மேலே ஏறிப் போய்க் குழந்தையைச் சமாதானப்படுத்தினார். நாங்கள் பத்துப் படி ஏறி ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து சேர மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. குழந்தை தாவி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாமியார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. வீடு வந்த மூன்றாம் நாள் ஓரகத்திக்கு நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தண்ணி குடிக்காம இருக்கிறதும், வர்றதை அடக்கி வைக்கிறதும் ரெண்டுமே கெடுதல். ஆண்களைவிடப் பெண்களுக்கு நீர்த்தாரையில கிருமி சுலபமா ஏறிடும். தண்ணி குடிச்சு அடிக்கடி போயிட்டிருந்தாத்தான் அது கழுவிக்கிட்டுப் போகும். இதுல பால் குடுக்கிறவங்களுக்கு மத்தவங்களைவிடத் தண்ணி ஜாஸ்தி வேணும்." மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் சரியாயிற்று.

வரும் வழியில் ஓரகத்தியிடம், "நான்தான் கண்ணு உன்னைக் குடிக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். "நீங்க சொல்லலேன்னாலும் நான் குடிச்சிருக்க மாட்டேனுங்க்கா. எங்கம்மாவும் அப்படித்தானே சொல்லி வளத்தாங்க" என்றாள். இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கேயாச்சும் நல்ல இடமாப் பாத்து வண்டியை நிறுத்தியிருப்போமே!" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் கேட்காமலே நிறுத்த அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

ஆகாயகங்கைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். கட்டாயம் போங்கள். அடுக்களையைவிட்டு ஒரு நாள் வெளியே வந்து அந்த அருவிக்கு முன்னால் நிற்க நமக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் இப்படிப் போங்கள்:

* காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர். பிறகு வயிற்றுக்கு லேசாக இட்லியோ, வாழைப்பழமோ. வெறும் வயிற்றோடு படி இறங்காதீர்கள்.

* வண்டி எங்கெங்கே நிற்கும், எங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டு என்று கிளம்பும் முன்பே வீட்டு ஆண்களோடு பேசி முடிவு செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. படி இறங்குவதற்கு முன் மேலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

* தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இறங்கும்போதும் சரி, ஏறும்போதும் சரி, கால் மணிக்கு ஒரு தடவை நாலைந்து வாய் குடியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் சரி. அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

* உப்பு சர்க்கரைத் தண்ணீர்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். விருப்பமானால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு. உப்பு அதிகமானால் கெடுதல். கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கக்கூடாது. மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கைப்பையில் இருந்தால் இன்னும் நல்லது. ரத்தக்கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். 2019 ஜனவரி முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்கு நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. மலையும் சுத்தமாக இருக்கும்.

* ஈரப் புடவையோடு ஏறாதீர்கள். சுடிதார் சௌகரியம். புடவைதான் என்றால் காய்ந்த மாற்றுப் புடவை ஒன்று எடுத்துப் போங்கள். இரண்டு பேர் பழைய புடவையைத் திரையாகப் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

* வழவழப்பான செருப்பு வேண்டாம். பாசி படிந்த படியில் வழுக்கும். பொட்டலங்களைக் குரங்கின் கண்ணில் காட்ட வேண்டாம்.

* அருவியில் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால், மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். அடுத்த நிமிஷமே வெளியே வந்துவிடுங்கள். அருவியோடு கல்லும் கட்டையும் வரும்.

* காலையிலேயே இறங்கிவிடுங்கள். ஏறுவதற்கு, இறங்கிய நேரத்தைப் போல இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டால் இறங்கவும் விடமாட்டார்கள்.

* கர்ப்பிணிகள், இருதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது உத்தமம்.

* யாருக்காவது மயக்கம் வந்தால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு இருந்தால் மட்டும் வாய் வாயாகக் கொடுங்கள். மார்பு வலி, பிதற்றல், நிற்காத வாந்தி, நினைவு தப்புதல் என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

போன மாதம் கல்லூரியில் படிக்கிற என் பெண் தோழிகளோடு ஏற்காடு கிளம்பினாள். வாசல் வரைக்கும் போனேன். என் அம்மா எனக்குச் சொன்ன அதே வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "தண்ணி நிறையக் குடி கண்ணு. அவசரம்னா கூச்சப்படாம வண்டியை நிறுத்தச் சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புதுசா இருக்கு!" என்றாள்.

புதுசுதான். நம் வீட்டில் இனிமேல் இதுவே பழசாகட்டும்.